மாமா பற்றவைத்த காது

குறுணி அரிசியில் பாதிகூட இல்லாத ஒரு பொருளைச் சுற்றுப்பலகையிலிருந்து கழற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அதற்கு இரண்டு முனைகள். இரண்டு முனையிலும் உள்ள ஈயம் ஒரே நேரத்தில் உருகியிருந்தால்தான் அது இடத்தை விட்டு எழும். ஒன்றை உருக்கிவிட்டு மற்றதற்குப் போவதற்குள் முதலாவது உறைந்துவிடும். பொறுமை இழந்து நெம்பினால் அடியில் ஒட்டியிருக்கும் செப்புத்தாளும் உரிந்து கையோடு வந்துவிடும். மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்த காலமெல்லாம், புதிதாக வந்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பூதக்கண்ணாடிக்குள் குனிந்து குனிந்து கண் கெட்டதும், வயது வருமுன்பே ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது கேட்க ஆளில்லாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஓய்வூதியக்காரர்கள் செய்வது பெரும்பாலும் அதுதான்.

ஆனால் இந்த வேலையை நான் முதன்முதலில் பார்த்தது எந்தப் பயிற்சிக் கூடத்திலும் அல்ல. இலங்கை மலையகத்தில், அப்புத்தளைக்குக் கீழே, எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், வாசற்படியில், கரியடுப்பின் பக்கத்தில். செய்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. கருவி, கூரைத் தகரம் ஒட்டும் சூட்டுக்கோல். பழுதானது என் தங்கச்சியின் காது.

தங்கச்சிக்கு இரண்டு வயதில் வந்த காய்ச்சல், போகும்போது அவளுடைய காதையும் கொண்டுபோய்விட்டது. அதற்கு முன் கற்றுக்கொண்ட ஏழெட்டுச் சொற்களை வைத்துக்கொண்டு, மிச்சத்துக்கு எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு, அவள் ஆறு வயது வரை வந்துவிட்டாள். அப்போதுதான் மாதா கோயில் சாமியாரின் ஏற்பாட்டில் பதுளையில் ஒரு முகாம் நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த டாக்டர்கள் வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் காதுக் கருவி கொடுத்தார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. சட்டைக்குள் நெஞ்சில் ஒரு பையில் இருக்கும். அதிலிருந்து ஒரு வயர் காதுக்குப் போகும். லயத்தில் எல்லோரும் அதைக் காது மெசின் என்றார்கள்.

மெசின் வந்த அன்று மாலை மழை பெய்தது. எங்கள் தகரக் கூரையில் மழை விழுந்தால் நல்ல காதுள்ளவர்களுக்கே வேறெதுவும் கேட்காது. தங்கச்சி அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். அம்மா அவள் முகத்துக்கு எதிரே குனிந்து, "மழை, பாப்பா, மழை" என்றாள். அவள் திருப்பிச் சொன்னாள். அம்மா அடுப்பில் இருந்ததை மறந்துவிட்டாள். அன்று நாங்கள் தீய்ந்த ரொட்டி தின்றோம்.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்தார். அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. தங்கச்சியைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விடாமல் டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பு ஒன்றாகக் கத்தும்; அங்கே மெசினுக்கே காது போய்விடும் என்பார். டவுன் பள்ளிக்கூடத்தின் அதிபர் யாழ்ப்பாணத்து அம்மா, கண்டிப்பானவர். அப்பா போய்க் கேட்டபோது அவர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார்:

"மெசின் இருக்கிறது பெரிசில்ல, ஐயா. பின்னால நிண்டு கூப்பிட்டாப் பிள்ளை திரும்பிப் பாக்க வேணும். திரும்பினால் சேர்க்கிறன். திரும்பாட்டி, பிழையா நினையாதேங்கோ, அதுகளுக்கெண்டு இருக்கிற பள்ளிக்கூடத்தில விடுங்கோ. இஞ்ச ஒரு வகுப்பில அம்பது பிள்ளையள்."

தமிழில் சொல்லிக்கொடுக்கும் அப்படிப்பட்ட பள்ளிக்கூடம் வடக்கே சண்டை நடந்துகொண்டிருந்த பக்கம் இருப்பதாக யாரோ சொன்னார்கள். அம்மா அதைக் கேட்டுவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

அதிபர் நாள் குறித்துக் கொடுத்தார். அதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது, தங்கச்சி கானைத் தாண்டிக் குதித்து விழுந்தாள். மழைத் தண்ணீர் ஓடும் கான், கருங்கல் கட்டு. நெஞ்சிலிருந்த பெட்டி கல்லில் அடிபட்டது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதன்பின் பெட்டியின் ஒரு மூலையை விரலால் அழுத்திப் பிடித்தால் கேட்டது, விட்டால் கேட்கவில்லை.

திருத்துவதென்றால் கொழும்புக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அந்தக் காலத்தில் அது வேறு விதமான பயணம். வழியெல்லாம் ராணுவத் தடைமுகாம். அப்பாவின் அடையாள அட்டையில் பிறந்த ஊரின் எழுத்துப் பாதி அழிந்துபோயிருந்தது. அப்படிப்பட்ட அட்டையோடு, வயரும் பேட்டரியும் வைத்த ஒரு சின்னப் பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு கொழும்பில் பஸ்ஸை விட்டு இறங்கும் தமிழனுக்கு என்ன நடக்கும் என்பதை எங்கள் லயத்தில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தபாலில் அனுப்பலாம் என்றார் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். திறந்து பார்த்துவிட்டு நம் வீட்டுக்கே ஆமி வரும் என்றார் அப்பா. டிஸ்பென்சர் யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்றார்.

ஆகவே மாமா.

மாமாவுக்குத் தோட்டத்தில் பதிவு வேலை கிடையாது. கூரைத் தகரம், மழைநீர்ப் பீலி, தண்ணீர் வாளி, ஓட்டை விழுந்தது எதுவானாலும் ஈயம் வைத்து ஒட்டுவார். ரேடியோ பழுதுபார்ப்பதற்குத் தபால் மூலம் படித்த படிப்பு ஒன்றும் பாதியில் நின்றிருந்தது. எந்தப் பாதி என்பதுதான் பின்னால் முக்கியமாகிவிட்டது.

"இதுக்குப் போயி கொழும்பு எதுக்குங்க? மூலைய அமுக்குனா கேக்குது, விட்டா கேக்கல. அப்ப உள்ளுக்க ஒண்ணு விட்டுப்போயிருக்கு. அவ்வளவுதான்," என்றார் மாமா.

"ஏம்ப்பா, நீ ஒட்டுன பீலி ரெண்டாவது மழைக்கே பிச்சுக்கிச்சே," என்றார் அப்பா.

"மச்சான், அது பீலி. மேல கொரங்கு ஏறுச்சு. இவ காதுல கொரங்கா ஏறப்போவுது?"

அம்மா தம்பி பக்கம். அதனால் முடிவாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வாசற்படியில் பாய் விரித்தார்கள். லயத்தில் அப்போது கரண்ட் இல்லை. கரியடுப்பில் சூட்டுக்கோல் காய்ந்தது. அதன் செப்புத் தலை என் கைமுட்டி அளவு. மாமா பெட்டியைத் திறந்தார். உள்ளே பச்சைப் பலகையில் குரக்கன் தானியம் சிந்தியதுபோலச் சின்னச் சின்னதாக என்னவோ ஒட்டியிருந்தது. கால் முளைத்த பெரிய பொருள்களை மட்டுமே ரேடியோவில் பார்த்திருந்த மாமா, பலகையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். பிறகு பீடி பற்றவைக்கப் பயன்படுத்தும் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்து, "இந்தா, வெடிச்சிருக்கு" என்று மூலையிலிருந்த ஒரு பழுப்பு நிறக் குறுணியைக் காட்டினார். இன்றைக்கு யோசித்தாலும் அது சரியான தீர்ப்பு. அடி வாங்கிய பலகை வளையும். அந்த வகை மின்தேக்கி சுட்ட களிமண் சாதி, வளையாது, குறுக்கே வெடிக்கும்.

அவ்வளவு பெரிய செப்புத் தலையை வைத்து அதை எப்படிக் கழற்றுவது? மாமா ஒரு செப்புக் கம்பியை எடுத்து அந்தத் தலையில் இறுக்கிச் சுற்றினார். கம்பியின் இரண்டு நுனிகளையும் பாம்பின் நாக்குபோல முன்னால் நீட்டி, குறுணியின் நீளத்துக்கு அகலம் வைத்து வளைத்தார். தலையின் சூடு கம்பிக்கு வந்தது. இரண்டு நுனியும் இரண்டு முனையையும் ஒன்றாகத் தொட்டன. வெடித்த குறுணி, கட்டிலிலிருந்து எழுந்திருப்பதுபோல எழுந்து வந்தது. பல வருடங்களுக்குப் பிறகு, வெளிநாடு சென்று வந்த பயிற்சியாளர் ஒருவர் இதே வித்தையைத் தாமே கண்டுபிடித்ததாக எங்களுக்குக் காட்டினார். நாங்கள் கைதட்டினோம். நானும் தட்டினேன், பதவி உயர்வு அவர் கையில் இருந்தது.

மாற்றுக் குறுணி, மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய பக்கத்து வீட்டு அக்காவின் செத்துப்போன கசட் ரேடியோவிலிருந்து வந்தது. இந்தக் குறுணிகளின் மேல் அளவு எதுவும் எழுதியிருக்காது. மாமா நிறம் பார்த்துப் பொருத்தம் பார்த்தார். கல்யாணத்துக்கே நாங்கள் அதற்குமேல் பார்ப்பதில்லை.

அதை அம்மாவின் முள்வாங்கியால் பிடித்துத் தூக்கும்போது அது துள்ளி விழுந்துவிட்டது.

"யாரும் அசையாதீங்க!" என்றார் மாமா.

எல்லோரும் சிலையானோம். அம்மா அகப்பையோடு நின்றாள். அசையக் கூடாது என்பது தெரியாத ஒரே ஜீவன், பக்கத்து வீட்டுக் கோழி, படியேறி வந்து தரையைக் கொத்தப் பார்த்தது.

"கோழியப் புடிங்கடா! அது முழுங்கிச்சுன்னா அது வகுத்த அறுக்கணும்!"

"அறுத்தா நீ தான் அதுக்கு வெல குடுக்கணும், பாத்துக்க," என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது.

அப்பா கோழியைத் தூக்கி வெளியே எறிந்தார். பிறகு தரையைக் கையால் கூட்டி, தொழிற்சாலையில் கிழிந்ததென்று கழித்துவிட்ட சல்லடைத் துண்டில் இட்டு, மணிக்கட்டை மட்டும் ஆட்டிச் சலித்தார். வாழ்நாளெல்லாம் அதைச் செய்தவர். மண் இறங்கியது, சாம்பல் இறங்கியது, பழுப்புக் குறுணி மேலே நின்றது. "இது நம்ம ஊட்டு டஸ்ட் இல்ல," என்று அதை மாமாவிடம் நீட்டினார். அன்று எங்கள் வீட்டில் எல்லோருமே கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏனென்றால், ஈயம் செம்பைப் பிடிக்க வேண்டுமானால் இடையில் துருவை அறுக்க ஒன்று வேண்டும். மின்னணு வேலைக்கு அது பைன் மரத்துப் பிசின். மாமாவுக்குத் தெரிந்தது தகர ஆசிட். தீர்ந்துபோன டோர்ச் பேட்டரியின் துத்தநாக ஓட்டை வெட்டி ஆசிட்டில் போட்டு, நுரை அடங்கியதும் சீசாவில் ஊற்றி வைத்திருப்பார். கூரைத் தகரத்துக்கு அதைப்போல ஒன்று கிடையாது. ஒட்டி முடித்ததும் அடுத்த மழை மிச்சத்தைக் கழுவிவிடும். பெட்டிக்குள் மழை பெய்வதில்லை. மாமா கோழி இறகால் ஆசிட்டைத் தொட்டு வைத்தார், சூட்டுக்கோலைக் காட்டினார், ஈயம் "சொய்ங்" என்று ஓடிப் பளபளவென்று பிடித்தது. வேட்டி நுனியால் ஒரு துடைப்புத் துடைத்து மூடினார். லயத்துக்கு மேலே மலை முழுவதும் பைனஸ் என்கிற அதே பைன் காடு. பிள்ளைகள் நாங்கள் அடுப்புப் பற்றவைக்க அந்தப் பிசினை உருண்டை உருண்டையாகச் சுரண்டிக்கொண்டு வருவோம். அன்றைக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் உருண்டை கிடந்தது. தபால் படிப்பின் எந்தப் பாதியில் பிசின் வருகிறதோ, அந்தப் பாதியை மாமா படித்திருக்கவில்லை.

மூலையை அழுத்தாமலே மெசின் வேலை செய்தது.

அதைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. காதில் வைக்கும் முனையை உள்ளங்கைக்குள் பொத்தினால் "கீ" என்று கத்தும். மாமா அதைக் கையில் பொத்திக்கொண்டு லயம் முழுவதும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கத்தவைத்துக் காட்டினார். பின்னால் நின்று கூப்பிட்டால் தங்கச்சி திரும்பினாள். அம்மா கூப்பிடக் கூப்பிடத் திரும்பினாள். திரும்பித் திரும்பி அவளுக்கே அலுத்துப்போய், கடைசியில் கோபித்துக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அங்கேயும் குனிந்து கூப்பிட்டோம்.

அந்த ஆசிட் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அப்புத்தளைப் பக்கத்தில் காற்றில் ஈரம் கேட்டு வாங்க வேண்டியதில்லை. பிற்பகலில் மூடுபனி ஏறும், மறுநாள் வெயில் வரும்வரை இறங்காது. போதாததற்கு ஓடியாடும் பிள்ளையின் வேர்வை. செம்பு பச்சை பூக்கும்; பூத்த இடத்தில் மின்சாரம் வழி தவறி ஓடும். முதலில் இரைச்சல், பிறகு விட்டு விட்டு, பிறகு ஒன்றுமில்லை. வெயில் பட்டுக் காய்ந்திருக்கும்போது மட்டும் கொஞ்சம் உயிர் வரும்.

ஒருநாள் காலையில் தங்கச்சி காதைத் தொட்டு "மழை" என்றாள். அம்மா வெளியே பார்த்தாள். பனிதான், மழை இல்லை. "இல்ல பாப்பா," என்று கையாட்டினாள். அடுத்த நாளும் மழை என்றாள். கேட்பதற்கு இரைச்சலாக இருக்கிறது என்று சொல்ல அவளிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான். பகலில் வெயிலில் உட்காரவைத்து மாமா உள்ளங்கையில் பொத்திப் பார்த்தார். கீ என்று கத்தியது.

"மெசின் நல்லாத்தான் இருக்கு. இவதான் அடம் புடிக்கிறா," என்றார்.

அம்மா அவளை ஓர் அடி வைத்தாள். மெதுவாகத்தான். தங்கச்சி அழவில்லை, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் மழை என்று சொல்லவில்லை. கூப்பிட்டபோதெல்லாம் திரும்பினாள், அல்லது திரும்புவதாக எங்களுக்குத் தோன்றியது. எப்படியென்றால், அம்மா கூப்பிடப் போகிறாள் என்று எங்களுக்குத் தெரியும். எங்களைப் பார்த்தால் அவளுக்குத் தெரியும்.

அதிபர் குறித்த நாளில் எல்லோரும் புறப்பட்டோம். காலையிலேயே பனி. நான் வராமல் தங்கச்சி எங்கும் போக மாட்டாள் என்பதால் எனக்கும் காலில் சப்பாத்து மாட்டினார்கள். மாமா கல்யாணச் சட்டை போட்டுக்கொண்டார். அலுவலக அறைக்குள் அவ்வளவு பேருக்கு இடமில்லை என்று அவரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

அதிபர் முதலில் எதிரே உட்கார்ந்து கேட்டார். பெயர் என்ன, அப்பாவின் பெயர் என்ன, இது எத்தனை விரல். அம்மா வாரக்கணக்கில் சொல்லிக்கொடுத்திருந்த கேள்விகள். தங்கச்சி அதிபரின் உதட்டைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு அதிபர் எழுந்து எதையோ எடுப்பதுபோல அவளுக்குப் பின்னால் இருந்த அலமாரிக்குப் போனார். அப்பாவும் அம்மாவும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் மேசையின் மறுபுறம், தங்கச்சிக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு கூர்மையாக யாரும் என்னைப் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

அதிபர் அலமாரிக் கதவைத் திறந்தபடியே, சாதாரணக் குரலில், அவள் பெயரைச் சொன்னார்.

நான் அதிபரைப் பார்த்தேன். குரல் வந்த பக்கம் பார்ப்பது காதுள்ளவர்களின் பழக்கம்.

தங்கச்சி திரும்பினாள். "என்னாங்க டீச்சர்," என்றாள்.

அதிபரின் முகம் மலர்ந்துவிட்டது. "கெட்டிக்காரி," என்று அவள் கன்னத்தைத் தட்டினார். "ஐயா, பிள்ளைக்கு நல்லாக் கேக்குது. நீங்கள் வீணாப் பயந்து கொண்டு திரிஞ்சிருக்கிறியள்."

அவள் அன்று திரும்பாமல் இருந்திருந்தால், யாராவது அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்திருப்பார்கள். திரும்பிவிட்டாள். ஆகவே வருடம் முழுவதும், ஐம்பது பிள்ளைகளுக்கு நடுவில், நெஞ்சில் செத்த பெட்டியோடு, எதிரே என் முகம் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். மெசின் போட்டும் படிக்கவில்லையென்றால் மூளைதான் மந்தம் என்று வகுப்பு டீச்சர் முடிவு செய்தார்; முறைப்படி பார்த்தால் அது நியாயமான முடிவு. அடுத்த முகாமில் பெட்டியைத் திறந்தபோது உள்ளே பலகை இல்லை, பச்சைக் களிம்புதான் இருந்தது. புதுப் பெட்டி கொடுத்தார்கள். அதற்குள் அவள் யாரையும் பார்ப்பதை நிறுத்தியிருந்தாள். மூன்றாம் வகுப்போடு நின்றாள். இப்போதும் அதே மலையில் கொழுந்து எடுக்கிறாள். கொழுந்துக்குக் காது தேவையில்லை.

ஆனால் அன்றைக்கு நாங்கள் ஜெயித்து வெளியே வந்தோம். கேட்டில் நின்ற மாமாவிடம் அப்பா நேராகப் போனார். அவர் தோளைப் பிடித்து ஒரு தரம் உலுக்கினார். மாமாவுக்கு அது போதுமாயிருந்தது. கடதாசிப் பையில் பணிஸ் ரொட்டி வாங்கி வைத்திருந்தார். சேராவிட்டாலும் பிள்ளை தின்னட்டும் என்று வாங்கியதாகச் சொன்னார். அதற்குள் தங்கச்சி, ஸ்டேசன் பக்கம் இறங்கும் ரோட்டில் எங்களுக்கு முன்னால் ஓட ஆரம்பித்திருந்தாள்.

"ஏய், ஸ்கூல் பாப்பா! பணிஸ் வேணாமா?" என்று மாமா கூப்பிட்டார்.

அவள் திரும்பவில்லை. மாமா வாயில் கைவைத்து இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். ரோட்டில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பனிக்குள் போய்க்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களாக்கா," என்றார் மாமா. "டவுன் ஸ்கூல்ல சேந்து கா மணி நேரம் ஆவல. அதுக்குள்ள மாமன் கூப்புட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்குறா!"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதே இல்லை. பையிலிருந்து எனக்கு ஒரு பணிஸ் கொடுத்தார்கள். என் தங்கச்சிக்கு எவ்வளவு கர்வம் வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு, வாய் நிறையப் பணிஸோடு, நானும் சிரித்தேன்.